மூன்று இஞ்ச்

“மூணு இஞ்ச்! வெறும் மூணு இஞ்ச்ல தோத்தேன். நீங்களே சொல்லுங்க மெக்கானிக், அதெல்லாம் ஒரு தோல்வியா?”

கேட்டவர் தன் பழைய மலை சைக்கிளைக் கடைச் சுவரில் சாய்த்தார். நீலப் பெயின்ட் உரிந்திருந்தது. சீட்டை உயர்த்துவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

“எல்லைக் கோட்டுல மூணு இஞ்ச்சா சார்?”

“சக்கரத்துல! என்னோடது இருபத்தாறு. ஜெயிச்சவங்களோடது இருபத்தொன்பது. அப்பத்தான் புதுசா வந்திருந்துது. உங்க கடைக்குப் பின்னாடி இருக்கற இதே குன்றைச் சுத்தித்தான் பந்தயம். விடிய விடிய மழை. சேறும் ரப்பருமா ஒரு வாசனை வருமே... பதினெட்டு வருஷமாச்சு, இன்னும் மூக்குலயே நிக்குது. கடைசித் திருப்பம் வரைக்கும் நான்தான் முன்னால. சர்ருனு ஒரு பெரிய சக்கரம் தாண்டிப் போச்சு. முடிஞ்சுது கதை!”

“அன்னைக்கு இறங்கினவர்தான். அதுக்கப்புறம் சைக்கிளைத் தொடவே இல்ல,” என்றாள் கூட வந்திருந்த அவர் மனைவி.

“தொட மாட்டேன்னு சொன்னேன், தொடல. இன்னைக்குத் தெரிஞ்சிடும். பழசுல ஒரு சுத்து, உங்க கடை இருபத்தொன்பதுல ஒரு சுத்து. சக்கரம்தான் காரணம்னா புதுசு வாங்கறேன். நான்தான் காரணம்னா, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு டிவி முன்னாடி உட்கார்ந்துடறேன்.”

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தார்.

“உண்மையைச் சொல்லிடறேன் சார். கல்லு, வேர் மேல பெரிய சக்கரம் அலுங்காம உருளும். அது நிஜம். சின்னது சட்டுனு திரும்பும், மிதிச்சதும் கிளம்பும். அதுவும் நிஜம். மிச்சமெல்லாம் விளம்பரம்.”

“முப்பது சதவீதம் வேகம்னு போட்டிருக்கானே?”

“அவன் சொல்றதை நம்பினா, நீங்க கிளம்பறதுக்கு முன்னாடியே வந்து சேர்ந்துடணும்.”

மனைவி சிரித்துவிட்டாள். கணவர் முறைத்தார்.

மெக்கானிக் இரண்டு சைக்கிளுக்கும் காற்றை அளந்து அடித்தார். கடையின் ஸ்டாப் வாட்சை அவளிடம் கொடுத்துவிட்டு, வேறொரு சைக்கிளின் செயினோடு மல்லுக்கட்டப் போனார்.

முதலில் பழைய சைக்கிள். போன கணவர், முழங்காலெல்லாம் சேறோடு திரும்பினார். அரை மணி நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அடுத்து கடை சைக்கிள். இந்த முறை முகம் சிவந்து, வாய் பிளந்து வந்து நின்றார்.

“சொல்லு. எவ்வளவு?”

மனைவி வாட்சைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“பழசு ஏழு நிமிஷம் இருபது செகண்ட். புதுசு ஏழு நிமிஷம் ஆறு.”

“பதினாலு செகண்ட்! பார்த்தியா? சக்கரம்தான்னு இப்பவாவது ஒத்துக்கறியா?”

“ஒத்துக்கறேங்க.”

வாலிபம் திரும்பியவர்போல அவர் கடைக்குள் ஓடினார். “சிவப்பு இருக்கா? நாளைக்குக் காலையிலயே வேணும்!”

மெக்கானிக் வாட்சை வாங்கிப் பார்த்தார். முதல் சுற்று: ஏழு நிமிடம் ஆறு விநாடி. இரண்டாவது சுற்று: ஏழு நிமிடம் இருபது விநாடி.

“மேடம், பழைய சைக்கிள்லதானே சார் வேகமா வந்திருக்காரு! ஏன் மாத்திச் சொன்னீங்க?”

அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அன்னைக்குப் பெரிய சக்கரத்துல வந்து அவரை ஜெயிச்சது நான்தாங்க. அன்னையிலேர்ந்து தனியா ஓட்டிட்டு இருக்கறதும் நான்தான்.”