இரண்டு ஆஸ்கார் மீன்கள்

உத்திரமேரூரில் பவளத்தின் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இரண்டு பெரிய ஆஸ்கார் மீன்கள் இருந்தன. அவற்றை வாங்கிப்போகக் கூரம் கிராமத்திலிருந்து ஜெகன் வந்திருந்தான். வீட்டில் சிமென்ட் தொட்டி கட்டி மீன் வளர்ப்பவன்.

"எல்லாரும் ஏரியில வுட்டுடுன்றாங்க தம்பி. வெளிநாட்டு மீனு, ஏரியில கீற குஞ்செல்லாம் தின்னுடும்னு எங்க வூட்டுக்காரரு சொல்லுவாரு. அதான் உன்ன கூப்ட்டேன்."

"அண்ணன் சொல்றது சரிதான்கா. தொட்டியில கீற செடியையும் கால்வாயில போட்டுடாதீங்க. வெயில்ல நல்லா காயவெச்சி அப்பறமா குப்பையில போடுங்க. இவ்ளோ ஆசையா வளத்துட்டு ஏன்கா குடுக்கறீங்க?"

"பாத்துக்கினு இருக்க முடியல," என்றாள் பவளம்.

ஜெகன் மீன்களை வலையால் பிடித்துத் தண்ணீர்ப் பையில் விட்டான். அப்போது உள்ளறையிலிருந்து யாரோ மெதுவாக விசில் அடித்தார்கள். இரண்டு மீன்களும் அந்தப் பக்கம் திரும்பி, மேலே வந்து வாயைத் திறந்தன.

ஜெகன் சிரித்தான். "அண்ணன் வூட்லதான் கீறாரா? விசிலு கேட்டதும் எப்படித் திரும்புது பாருங்க. அவராண்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன்."

பவளம் அவனையே பார்த்தாள்.

"அவரு போன ஆடியிலயே செத்துட்டாரு தம்பி. இதுங்க இந்தமாரி திரும்பறத தெனமும் பாக்கறேன். காத்து கருப்புன்னு பயந்துதான் குடுத்துடலாம்னு நெனச்சேன். அவரு விசில் அடிச்சிதான் இதுங்களுக்குத் தீனி போடுவாரு. ஆனா எனக்கு ஒருநாளும் அந்த சத்தம் கேக்கல."

பையை அவனிடமிருந்து வாங்கி, மீன்களைத் திரும்பத் தொட்டியில் விட்டாள்.

"எப்படி அடிச்சாரு தம்பி? ஒருதபா அடிச்சிக் காட்டு."