மாப்பிள்ளையின் கைராசி

கன்னத்தில் விழுந்த அறையில் அவள் நாற்காலியோடு சாய்ந்தாள். முதலாளி அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி மறுபடி உட்காரவைத்தார்.

“அழிடி அந்த வீடியோவை!”

“மாட்டேன்.” கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் தாடையில் வழிந்தது. “என் தம்பியை நீங்க கம்பியால அடிச்சுக் கொன்னதை ஊரே பாக்கணும்.”

தம்பி இவருடைய லாரி ஷெட்டில் வெல்டர். ஜாக்கி நழுவி லாரிக்கடியில் மாட்டிக்கொண்டான் என்று முதலாளி சாதித்துவிட்டார். “அப்போ பின்மண்டை எப்படி உடைஞ்சுது?” என்று சாவு வீட்டில் கேட்டவள் இந்த அக்கா ஒருத்திதான். அன்றே அவள் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு, வாசலில் மொட்டை என்கிற அடியாளைக் காவல் போட்டார்கள். மூன்று நாளாக அவள் வாசற்படி தாண்டவில்லை.

இன்று காலை அவளே மொட்டையைக் கூப்பிட்டாள்.

“கொலை பண்ணது வீடியோவா என்கிட்ட இருக்கு. நெட்டுல ஏத்திட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அதுவா எல்லாருக்கும் போயிடும். போய் உன் முதலாளிகிட்டச் சொல்லு.”

அரை மணி நேரத்தில் முதலாளி வந்து நின்றார். கூடவே மருமகன். கம்ப்யூட்டரில் தனக்குத் தெரியாததே இல்லை என்று கண்டவரிடமெல்லாம் அளந்துகொண்டு திரிகிற ஆள்.

தம்பியோடு வேலை செய்தவன் ஒருவன், துக்கம் விசாரிக்கிற சாக்கில் அவள் கையில் திணித்துவிட்டுப் போன, அந்த வீடியோ இருந்த மெமரி கார்டைத் தலையணை உறைக்குள் கண்டுபிடித்தார்கள். மொட்டை அதைத் தரையில் போட்டுப் பூட்ஸ் காலால் நசுக்கினான். அது சரி, நெட்டில் ஏற்றியதை எந்தக் காலால் நசுக்குவது?

“பாஸ்வேர்டைச் சொல்லு!”

மொட்டை அவள் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். மளுக் என்றது. வீடே அதிர அலறினாள்.

“ஐயோ! எனக்குத் தெரியாது! அது தம்பியோட அக்கவுண்ட். அவன் லேப்டாப்ல மட்டும்தான் தானா திறக்கும்!”

“இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?”

கட்டிலுக்கடியிலிருந்து லேப்டாப்பை இழுத்தார்கள். பத்து வருஷப் பழசு. உடைந்த கீலில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மருமகன் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். வைஃபை படத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

“நெட்டு வரல மாமா.”

“வரவைங்க மாப்பிள்ளை. வேடிக்கை பாக்கவா கூட்டிட்டு வந்தேன்?”

மருமகன் மோடத்தை அணைத்துப் போட்டான். விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரிந்தது. லேப்டாப்பை அணைத்துப் போட்டான். அது எழுந்து வரப் பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷமும் முதலாளி சும்மா இருக்கவில்லை, பெல்ட்டைக் கழற்றி அவளை விளாசிக்கொண்டிருந்தார். பாவி, ஒரு அடியாவது குறைத்து அடித்தாரா!

மருமகன் தன் செல்போனிலிருந்து நெட்டைக் கொடுத்துப் பார்த்தான். அப்போதும் பெருக்கல் குறி போகவில்லை.

“நெட்டு மேல தப்பில்ல மாமா. இதுக்குத்தான் ஒண்ணையும் புடிக்கத் தெரியல.”

“அப்போ அது உங்க சொந்தக்காரன்தான் மாப்பிள்ளை.”

மருமகனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. லேப்டாப்பைத் தூக்கி நாலு பக்கமும் திருப்பினான். முன் விளிம்பில் ஓரிடத்தில் ஷெட்டின் கரியும் கிரீஸும் அப்பிக் கிடந்தன. நகத்தால் சுரண்டினான். உள்ளே அரிசி அளவுக்கு ஒரு சுவிட்ச்.

“அட! பழைய மாடல்ல வைஃபைக்குன்னே தனியா ஒரு சுவிட்ச் வச்சிருப்பான் மாமா. எப்பவோ கைபட்டு ஆஃப் ஆயிருக்கு.”

“வேணாம், அதைத் தொடாதீங்க!” என்று அவள் பாய்ந்தாள். மொட்டை வயிற்றில் ஓர் உதை விட்டான். சுருண்டு விழுந்தாள்.

மருமகன் சுவிட்சைத் தள்ளினான். நீல விளக்கு எரிந்தது. பெருக்கல் குறி மறைந்தது. தம்பியின் அக்கவுண்ட் தானாகத் திறந்துகொண்டது.

“எங்கடி இருக்கு அது?”

“கீழ... இன்னும் கீழ பாருங்க.”

மருமகன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். கால் மணி நேரம் ஓடியது. லேப்டாப் கொதித்து இரைந்தது.

“என்ன மாப்பிள்ளை, இந்தக் கத்து கத்துது?”

“கிழட்டு மிஷின் மாமா. அப்படித்தான் கத்தும்.” கடைசி வரை பார்த்துவிட்டு நிமிர்ந்தான். “எல்லாத்தையும் பாத்துட்டேன். இவ ஒண்ணையும் ஏத்தவே இல்ல. சும்மா உதார் விட்டிருக்கா.”

முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “என்கிட்டயேவா?” என்று சிரித்துக்கொண்டே மூலையில் கிடந்த கம்பியை எடுத்தார்.

லேப்டாப் ‘டிங்’ என்றது.

தரையில் கிடந்தவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். தம்பி போனதிலிருந்து முதல் முறையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

“கார்டுல இருந்ததை இதுல போட்டு, போலீசுக்கு அனுப்பச் சொல்லி அமுக்கி மூணு நாளாச்சு முதலாளி, நெட்டு இல்லாம போகாம நின்னுச்சு. உங்க மாப்பிள்ளை புண்ணியத்துல இப்பத்தான் போலீசுக்குப் போச்சு.”