சகலையின் வாசகர்கள்

“அவரு மாத்திட்டாருன்னா நானும் மாத்தணும். இன்னைக்கே மாத்தணும்!”

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக இந்திரஜித் சொன்னார். கடைக்காரர் மிப்ரான் நாற்காலியை இழுத்துப் போட்டார். அதில் இந்திரஜித்தின் மனைவி மேனுஷாதான் உட்கார்ந்தாள். அவர் உட்காரும் நிலையில் இல்லை.

“என்னத்த மாத்தணும் சேர்?”

“என் பிளாக்கை. என் சகலை வீரசிங்கம், போன வாரம் உங்ககிட்ட வந்து அவரோட பிளாக்கைப் புதுத் தளத்துக்கு மாத்தினாருல்ல? அதே தளம், அதே டிசைன். முடிஞ்சா அதைவிட ஒசத்தியா.”

இந்திரஜித் ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர். நான்கு வருடங்களுக்கு முன் ‘மேகத்து மேடு’ என்று ஒரு வலைப்பூ தொடங்கி, அதில் கவிதை எழுதி வந்தார். அது பொறுக்குமா? இரண்டே மாதத்தில், பசறையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சகலையும் ஒன்று தொடங்கிவிட்டார். பதுளைக்குச் சரக்கெடுக்க வரும்போது பஸ்ஸில் கேட்ட வம்பையெல்லாம் எழுதி, ‘பசறை பஸ்’ என்று பெயரும் வைத்துவிட்டார்.

இரண்டு வலைப்பூக்களின் ஓரத்திலும் எத்தனை பார்வைகள் என்று காட்டும் ஒரு பெட்டி இருந்தது. இந்திரஜித்துக்கு நாலாயிரத்து நூறு. சகலைக்கு அறுபதாயிரம். தீபாவளிக்கு மாமியார் வீட்டில் கூடினால், “மூத்த மருமகன் எழுதுறதை அறுபதாயிரம் பேரு படிக்கிறாங்களாம்ல!” என்பதுதான் பேச்சே. அன்றைக்கு இந்திரஜித்துக்குச் சோறு இறங்காது. என்றைக்காவது ஒருநாள் சகலையை முந்த வேண்டும். அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

“வெங்காய மூட்டைக்கு நடுவுல உக்காந்து எழுதுற மனுசன். அவருக்கு அறுபதாயிரமா?”

“நல்லா எழுதுறாருன்னு அக்கா சொன்னா” என்றாள் மேனுஷா.

“உங்க அக்கா வேற என்ன சொல்வா?” என்று எரிந்து விழுந்தவர், மிப்ரான் பக்கம் திரும்பினார். “புதுத் தளத்துல அந்தப் பெட்டியையே காணோமே தம்பி? ஒரு வாரமாத் தேடுறேன், எங்க ஒளிச்சு வச்சிருக்காரு?”

“ஒளிக்க இல்ல சேர். புதுசுல அது வெளியில தெரியாது, சொந்தக்காரருக்கு மட்டும்தான் காட்டும். பதிவெல்லாம் பத்திரமா வந்துடும், பயப்பட வாணாம். ஆனா பழைய எண்ணிக்கை வராது. சைபர்ல இருந்துதான் தொடங்கும்.”

இந்திரஜித்துக்குப் பகீரென்றது. நான்கு வருடத்து உழைப்பாயிற்றே! திடீரென்று அவர் கண்கள் மின்னின.

“இருங்க, இருங்க. அப்ப அவரோட அறுபதாயிரம்?”

“அதுவும் போயிட்டுதான் சேர்.”

“போயிருச்சா! மாத்துங்க தம்பி, உடனே மாத்துங்க!”

“உங்களோடதும்தானே போகுது?” என்றாள் மேனுஷா.

“போகட்டும் போ. இனிமே ரெண்டு பேரும் ஒரே கோட்டுல நிக்கிறோம்ல? பார்த்துக்கிட்டே இரு!”

மிப்ரான் வேலையைத் தொடங்கினார். திரையில் கவிதைகள் ஒவ்வொன்றாக இடம் மாறின. பாதி முடிந்திருக்கும். கையில் சரக்குப் பையோடு மூச்சிரைக்க வீரசிங்கமே மாடியேறி வந்துவிட்டார்.

“அட, சகலையும் இங்கதானா! என்ன மேனுஷா, நல்லா இருக்கியாம்மா?”

“வாங்க அண்ணே” என்ற இந்திரஜித்தின் குரலில் தேன் வடிந்தது. “புது இடத்துல எப்படி? ஆளுங்க வர்றாங்களா?”

வீரசிங்கம் பையைக் கீழே வைத்தார். “உங்ககிட்ட மறைச்சு என்ன சகலை ஆகப்போகுது? பழைய தளத்துல திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கூடுமாம். புதுசுல ஆளை எண்ணுது. எந்த ஊரு, எத்தனை மணி, எல்லாம் காட்டுது. ஒரு வாரமாப் பார்க்குறேன். எனக்கு வர்றது ஒரே ஒரு ஆளுதான்.”

“ஒரே ஆளா!” இந்திரஜித் துள்ளிக் குதிக்காத குறை. நான்கு வருட வயிற்றெரிச்சல் ஒரே நொடியில் குளிர்ந்துபோனது. “அச்சச்சோ, பாவமே! அப்ப எழுதுறதை விட்டுடப் போறீங்களாண்ணே?”

“விடத்தான் நினைச்சேன். அப்புறம்தான் அந்த ஆளு வர்ற நேரத்தைக் கவனிச்சேன். விடிய அஞ்சு மணிக்கு ஒரு தடவை. பெரட்டுல பேர் கூப்பிட்டு முடிஞ்சு ஆளுங்க மலைக்கு ஏறினதும் ஒரு தடவை. கொழுந்து நிறுக்கிற மூணு நேரமும் தவறாம. அப்புறம் படுக்கிற வரைக்கும் விடாம. ஒரே போன்ல இருந்து, நாளைக்கு நாற்பது தடவை! எந்தத் தோட்டத்து மனுசனோ, தெரியல. பெத்த தாய்கூட என்னை இப்படித் தேடினதில்ல சகலை. அந்த ஒருத்தருக்காகவே உசுரு இருக்கிற வரைக்கும் எழுதுவேன்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “பேரைக் கண்டுபிடிக்க வழி இருக்கா தம்பி?”

“ஊரு மட்டும்தான் சேர் காட்டும்” என்றார் மிப்ரான்.

“ஊரு தெரியும். ஹாலிஎல.” வீரசிங்கம் இந்திரஜித்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீங்க அங்கதானே இருக்கீங்க சகலை? அந்த மகராசன் யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. நேர்ல வந்து ஒரு மாலை போடணும்.”

இந்திரஜித் மெல்லக் கைகளை உருவிக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினார்.

மேனுஷா எழுந்து, கணவரின் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து வீரசிங்கத்திடம் நீட்டினாள்.

“விசாரிக்க வேணாம் மாமா, மாலையை இங்கயே போட்டுருங்க. உங்களுக்கு எத்தனை பேரு கூடியிருக்காங்கன்னு பார்க்காம எங்க வீட்டுல பொழுதே விடியாது!”