குடில் பெட்டிக்குள் ஒரு புத்தகம்

வைக்கோலுக்கு அடியில் தட்டுப்பட்டதை இழுத்துப் பார்த்ததும் வின்சிக்கு வந்த வேலையே மறந்துவிட்டது. எலியைத் தேடிப் பரணுக்கு ஏறியவள், ஏணியின் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அது கிறிஸ்மஸ் குடில் சாமான் வைக்கும் பெட்டி. டிசம்பர் மாதம் தவிர அதை யாரும் தொடுவதில்லை. இடையர் பொம்மைகளுக்கும் ஆட்டுப் பொம்மைகளுக்கும் கீழே, பழைய வேட்டியில் சுற்றி, ஒரு தடிப் புத்தகத்தை ஒளித்து வைத்திருந்தான் அவள் புருஷன் வளன். வேட்டி அவனுடையது, பரணுக்கு ஏறக்கூடிய வேறு ஆளும் அந்த வீட்டில் கிடையாது.

யாராவது ஒருத்தியின் கடிதக் கட்டாக இருந்திருந்தால்கூட வின்சி இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அது கம்பைலர் பாடப் புத்தகம். மனுஷர் எழுதுகிற புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் வித்தையை எழுநூறு பக்கத்துக்குச் சொல்வது.

கல்லூரியில் அந்த ஒரு பாடத்தை மட்டும் நாலு தடவை எழுதி, நாலு தடவையும் கோட்டை விட்டவள் அவள். ஐந்தாவது தடவை எழுதுவதற்குள் கல்யாணம் கூடிவிட்டது. பத்திரிகையில் மாப்பிள்ளை பேருக்குப் பின்னாலும் பி.இ., பெண் பேருக்குப் பின்னாலும் பி.இ. அச்சில் ஏறியதை யார் போய்ச் சரிபார்ப்பார்கள்? பதினாலு வருஷமாக ஒருத்தரும் பார்க்கவில்லை.

இப்போது பார்த்துவிட்டானா? யார் சொல்லியிருப்பார்கள்?

பக்கங்களைப் புரட்டினாள். முதல் மூன்று அத்தியாயமும் புதுப் பென்சில் கோடுகள். ஓரமெல்லாம் கேள்விக்குறி. அடப்பாவி, என்னிடம் கேட்பதற்காக ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருக்கிறானே!

செக்காலைக் கோயிலில் பூசை பார்த்துவிட்டுக் கறி வாங்கப் போனவன் எந்த நேரமும் வந்துவிடுவான். புத்தகத்தை இருந்த மாதிரியே சுற்றி, இடையர்களை மேலே படுக்கவைத்து, மூடிவிட்டு இறங்கினாள்.

வந்தவன் கறிப் பையை நீட்டிவிட்டுப் போகவில்லை. அடுப்படியிலேயே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஏ வின்சி, சும்மா ஒண்ணு கேக்குறேன். கம்பைலர் கம்பைலர்ங்கிறாகளே, அது உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுது?"

"ஏன், கறிக்கடையில கேட்டாகளா?"

"ஆபீசுல பேச்சு வந்துச்சு. நீ படிச்சதுதானே?"

"படிச்சது எல்லாம் மண்டையிலயேவா இருக்கும்? சும்மா உக்காந்திருக்கதுக்கு வெங்காயத்த உரிங்க."

உரித்தான். உரித்துக்கொண்டே ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான்.

"அந்தப் பேப்பர்ல உனக்கு எவ்வளவு மார்க்கு?"

அரிவாள்மணையில் விரல் படப் பார்த்தது. "யாருக்கு ஞாபகம் இருக்கு?"

முன்கூடத்திலிருந்து மாமியார் அற்புதம்மாளின் குரல் வந்தது. "என்னடா கேள்வி கேக்குற? எம் மருமக இஞ்சினியருடா. மார்க்க அள்ளியிருப்பா, அள்ளி!"

"அதத்தாம்மா நானும் சொல்றேன்" என்று வளன் சிரித்தான். அந்தச் சிரிப்பு வின்சிக்குப் பிடிக்கவில்லை.

சிரிப்பை நிறுத்திவிட்டு, குரலையும் தணித்துக்கொண்டான். "பேப்பர்ல போட்டிருந்தாக, பாத்தியா? எத்தனை வருஷத்துக்கு முந்தி அரியர் வச்சிருந்தாலும் மறுபடி எழுதலாமாம். இதுதான் கடைசி வாய்ப்பாம்."

சுற்றி வளைத்துச் சரியாக அங்கேதான் வந்து நிற்கிறான்! வின்சி குக்கருக்குள் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றியதை மறந்து மறுபடியும் ஊற்றினாள்.

"உன் பழைய நோட்டெல்லாம் எங்க வச்சிருக்க?"

"எதுக்கு?"

"பாக்கணும்."

அவ்வளவுதான். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போதுங்க. இப்படி ஊசி வச்சுக் குத்தாதீக. கேக்கணும்னா நேரா கேளுங்க. குடில் பெட்டிய நானும் பாத்துட்டேன்."

வளனின் முகத்தில் ரத்தமே இல்லை. "பாத்துட்டியா?"

"பாத்துட்டேன். நான் பி.இ. இல்ல. பத்திரிகையில போட்டது பொய். அந்த ஒரு பேப்பர நாலு தடவை எழுதியும் பாஸ் பண்ணல. எங்கப்பாதான், எப்படியும் எழுதிருவேன்னு நம்பிப் போட்டுட்டாக. பதினாலு வருஷமா உங்க அம்மா இஞ்சினியரு இஞ்சினியருன்னு சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்கல. திட்டணுமா, திட்டுங்க. எங்க வீட்டுக்குக் கொண்டுபோயி விடணுமா, விடுங்க. இதுக்கு மேல என்னால மறைக்க முடியாது."

பாதி உரித்த வெங்காயம் அவன் கையிலிருந்து உருண்டு அடுப்படிக்கு வெளியே போனது. வளன் எழுந்தான். முன்கூடத்தை எட்டிப் பார்த்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். அடிக்கத்தான் போகிறானோ என்று வின்சி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நெசமாவா சொல்ற?"

"மாதா மேல சத்தியமா."

"ஒரு தடவகூட பாஸ் பண்ணல?"

"இல்ல."

"ஒரே ஒரு அத்தியாயமாச்சும் புரிஞ்சிச்சா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். வளன் ரெண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அடிப்பாவி, நீ சொல்லித் தருவேன்னு நம்பித்தானடி நான் என் அரியர் பரீட்சைக்குப் பேரு குடுத்திருக்கேன்!"