நூறு சதவீதம்

பாறைகளை நோக்கிப் படகு நழுவிக்கொண்டிருந்தது. எஞ்சின் முனகக்கூட இல்லை. உதவிக்கு ஆள் கூப்பிட ரேடியோவிலும் உயிர் இல்லை.

"பேட்டரி செத்துப்போச்சுங்க!" என்று அலறினாள் மனைவி.

"உளறாதே. மீட்டர் நூறு சதவீதம் காட்டுது பாரு," என்றார், தனக்குத் தானே கேப்டன் பட்டம் சூட்டிக்கொண்ட கணவர்.

"கடைசியா பேட்டரிக்கு எப்பங்க தண்ணி ஊத்துனீங்க?"

"நூறு காட்டுறப்ப மூடியை எதுக்குடி திறக்கணும்?"

பாறை நெருங்கிவிட்டது. அவள் மீட்டரின் வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது எஞ்சின் பேட்டரிக்குப் போகவில்லை. அலமாரிக்குள் இருந்த ஒரு குட்டிப் பேட்டரியில் முடிந்தது.

"என்னங்க இது?"

"பெரிய பேட்டரி செத்தாலும் மீட்டர் சாகக் கூடாதுன்னு தனியா வாங்கி வெச்சேன்," என்றார் பெருமையாக.

அவள் அந்தக் குட்டிப் பேட்டரியைப் பிடுங்கி ரேடியோவில் மாட்டினாள். ரேடியோ கரகரத்தது.

"அடிப்பாவி, மீட்டரைக் கொன்னுட்டியேடி!" என்று கதறினார் கேப்டன்.