லயத்தில் புகைந்த அடுப்பு

"ரைஸ் குக்கர்ல வெச்சா அது அடுப்பு இல்லையேக்கா? கரண்டுதானே?"

பக்கத்து வீட்டுக் குமுதவல்லி கேட்டதும் திலகாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"கரண்டாவது மண்ணாவது! லயத்துல பொணம் கெடக்கு. எடுக்குற வரைக்கும் எந்த வீட்டுலயும் சோறு பொங்கக் கூடாது லா. நம்ம வழக்கம் தெரியாதா உனக்கு?"



செத்துப்போனது, ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தின் கடைசி வீட்டு வள்ளிநாயகி. பத்து மணிக்கே எடுத்திருக்க வேண்டியது. மகன் கணேசமூர்த்தி கடல் தாண்டி மீரியிலிருந்து வர வேண்டும், பிளைட் தாமதம். கூடாரத்துக்குக் கீழே ஆளாளுக்குப் போனைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாகத் தவித்தார்கள்.

"ஏர்போர்ட்டுலேர்ந்து கெளம்பி நீலாயத் தாண்டிட்டானாம். ரோடு ஜாமாம்" என்றார் சன்னாசி. அவரும் வள்ளிநாயகியும் ஒன்றாகப் பால்மரம் வெட்டியவர்கள். "பாவம், நல்ல மனுஷி. எனக்குக் காய்ச்சல்னா என் நெரை மரத்தையும் சேர்த்து வெட்டிக் குடுப்பா."

"எம்மவ பிரசவத்துக்கு ராத்திரி பூரா கூடவே இருந்தாங்க" என்றாள் குமுதவல்லி.

திலகாவால் பொறுக்க முடியவில்லை.

"நல்ல மனுஷியா? எங்கம்மா பொணம் நடுவீட்டுல கெடந்தப்ப இவ வீட்டு அடுப்பு மட்டும் பொகஞ்சுச்சே, மறந்துட்டீங்களா? ரப்பர் வெறகுப் பொகை லயம் பூரா சுத்துச்சு. 'எங்க வீட்டுல எழவு, உனக்குப் பசி கேக்குதா?'ன்னு நாலு பேரு முன்னாடி கேட்டேன். ஒரு வார்த்தை பதில் வரல. எப்படி வரும்?"

அன்றோடு முறிந்த பேச்சுதான். அப்போது நாலு வயசுப் பிள்ளையாக ஓடித் திரிந்த மகன் ஷங்கருக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. இன்றைக்குத் திலகா வந்ததுகூட, ஊர் என்ன சொல்லுமோ என்றுதான்.

மணி ஒன்று. அவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் புருஷன் ஆறுமுகம் படுக்கையில் கிடக்கிறார். பக்கவாதம் வந்ததிலிருந்து கஞ்சியைத் தவிர எதுவும் தொண்டையில் இறங்காது. நேற்றைய மிச்சம் ரெண்டு கரண்டியைக் காலையில் கொடுத்து, இனிப்பு நீருக்கு இன்சுலின் ஊசியும் போட்டுவிட்டு வந்திருந்தாள். எப்படியும் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கைதான்.

எழுந்து போய்ப் பார்த்தாள். ஆறுமுகத்துக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கண் சொருகியது.

"ஐயோ சாமி!"

சீனித்தண்ணியைக் கரைத்து ஊற்றினாள். பாதி கடைவாயில் வழிந்தது. அப்புறம் அவள் எதையும் யோசிக்கவில்லை. சன்னலைச் சாத்தினாள், கதவை ஒருக்களித்தாள், அடுப்பைப் பற்ற வைத்தாள். குருணையைப் போட்டுக் குழையக் குழையக் காய்ச்சி, ஊதி ஊதி ஊட்டினாள். நாலாவது வாய் இறங்கிய பிறகுதான் அவர் கண்ணில் உயிர் வந்தது. திலகாவுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

பின்கதவு திறந்தது. ஷங்கர்.

அடுப்பையும் பார்த்தான், அம்மாவையும் பார்த்தான். திலகா கூனிக் குறுகிப் போனாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடா. மானம் போயிடும்."

ஷங்கர் அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டான்.

"அன்னிக்கு வள்ளி பெரியம்மாவும் சொல்லாதன்னுதான் சொன்னாங்கம்மா."

"என்னடா சொல்ற?"

"நீங்க எல்லாரும் செத்துப்போன ஆயாவச் சுத்தி அழுதுக்கிட்டு இருந்தீங்க. பசியில கத்துன என்னைத் தூக்கிட்டுப் போய்க் கஞ்சி காய்ச்சி ஊட்டுனாங்க. நான் வளர்ந்து சொல்ல வந்தப்பகூட, தான் உசுரோட இருக்குற வரைக்கும் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. 'தாயைப் பறிகொடுத்தவடா. பெத்த புள்ளையைப் பட்டினி போட்டுட்டோம்னு வேற அழணுமா? என்னையத் திட்டிக்கிட்டே இருக்கட்டும், விடு'ன்னாங்க."