பானைமேல் துணி

அறுவடைப் பானைக்குள் எல்லாரும் மூடிய கையை விட்டு, விரித்த கையை வெளியே எடுப்பார்கள். கீழ்த்தளத்துத் தையல்காரர் தலைகீழாகச் செய்தார். விரித்த கையை விட்டார், மூடிய கையை எடுத்தார். அதை அப்படியே சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் நின்று ஃபியூஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பொதுவில் சேர்க்கிற அரிசி. அதில் போய்க் கை வைக்கிறார் மனுஷன்.

எங்கள் குடியிருப்பில் இருபத்துநாலு வீடு. ஏழு வருஷமாக நான்தான் செயலாளர். 'நீங்க இருந்தாத்தாண்ணே சரிப்படும்' என்று சொல்லிச் சொல்லியே என் தலையில் கட்டிவிட்டார்கள். தண்ணீர் வராவிட்டாலும் நான், லிஃப்ட் நின்றாலும் நான். முழங்கால் இரண்டும் தேய்ந்ததுதான் மிச்சம். இலை உதிர ஆரம்பித்தால் போதும், அறுவடை விடுமுறை வேறு வந்து கழுத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

விடுமுறைக்கு முந்தைய ஏழு நாளும் கீழே ஒரு பெரிய பானை இருக்கும். அதன் வாயில் துணி கட்டி, கை நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். வீட்டுக்குத் தினம் ஒரு கைப்பிடி புது அரிசி போட வேண்டும். எட்டாம் நாள் விடுமுறை. அந்த அரிசியைச் சமைத்து எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவோம்.

சாப்பிடுவதற்கு முன்னால் அந்த நாளின் வரலாற்றைச் செயலாளர் படித்தாக வேண்டும். ஏழு வருஷமாக ஒரே தாளைத்தான் படிக்கிறேன். எவனும் கேட்டதில்லை, எல்லார் கண்ணும் அண்டா மேலேயே இருக்கும். எப்போதோ விளைச்சல் பொய்த்துப் போன வருஷம், எந்த வீட்டிலும் ஒரு வேளைக்குக்கூட அரிசி இல்லையாம். ஆளுக்கொரு கைப்பிடி போட்டு ஊரே சேர்ந்து சாப்பிட்டதாம். யார் குறைவாகப் போட்டார்கள் என்று தெரியாமல் இருக்கத்தான் துணியாம். இதுதான் தாளில் இருப்பது.

போன வருஷமே பானை குறைந்தது. கடைசிப் பந்திக்குச் சோறு எட்டவில்லை. சமையல்காரரில் இருந்து நாலாம் மாடிவரை எல்லாரிடமும் பேச்சு வாங்கியது யார்? நான்தான்.

தையல் கடை மூடி நாலு மாதம் ஆகிறது என்று எனக்கும் தெரியும். அதற்காக? வாயைத் திறந்து கேட்டால் கொடுக்க மாட்டோமா?

குடியிருப்புத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு ஒரே உற்சாகம். நாளை முதல் பானையை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஜாடி வைக்கலாம், காரணம் இன்னார் என்று பெயரோடு எழுதி லிஃப்ட் வாசலில் ஒட்டிவிடலாம் என்றார். எழுதுகிற வேலை வழக்கம்போல எனக்கு.

எழுதி முடித்து அக்காவிடம் நீட்டினேன். விடுமுறைக்காக வந்திருந்தாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தியவள், எழுத்துப் பிழை இருந்தால் சொல்வாள் என்றுதான் கொடுத்தேன்.

அக்கா இரண்டு தடவை படித்தாள். பேனாவை எடுக்கவில்லை.

"ஏன்டா தம்பி, பானைக்கு எதுக்குத் துணி கட்டறோம்?"

"யார் கம்மியாப் போட்டாங்கன்னு தெரியக் கூடாதுன்னுதான். வருஷா வருஷம் படிக்கிறேனே."

"ஆளுக்கு ஒரு கைப்பிடிதானே. அதுல என்ன கம்மி, என்ன ஜாஸ்தி?"

ஏழு வருஷமாகப் படிக்கிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை.

"போடறவன் எதுக்குடா கையை மறைக்கணும்? எடுக்கறவங்களுக்காகக் கட்டின துணி அது."

"கேட்டாக் குடுக்க மாட்டோமா, அக்கா?"

"கேக்க முடிஞ்சா அவர் ஏன் பானைகிட்ட வரார்?"

சுருக்கென்றது. ஆனாலும் நான் விடவில்லை. ஆளாளுக்கு இப்படி ஆரம்பித்தால் எட்டாம் நாள் பந்தி என்ன ஆவது, நான் படுகிற பாடு உனக்கு எங்கே தெரியப்போகிறது என்று பொரிந்து தள்ளினேன். அக்கா முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"அப்பாவுக்கு மில்லுல வேலை போச்சே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது, லேசாக. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. ஆனால் அந்த வருஷம்கூட நான் பசியோடு படுத்ததாக நினைவில்லை. அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"நீ படுக்கல. அந்த ஏழு நாளும் தெருப் பானையில கை விட்டு எடுத்துட்டு வந்தது நான். அம்மா அதை வடிச்சு முதல்ல உனக்குத்தான் போடுவா."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நோட்டீஸை அவள் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்தேன். ஐம்பத்தாறு வயசில், உடன்பிறந்தவள் முன்னால் கண் கலங்கி நிற்பது வெட்கமாகத்தான் இருந்தது. கிழித்த துண்டுகளைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு கேட்டேன்.

"யாருமே உன்னைப் பார்க்கலையா, அக்கா?"

"ஒருத்தர் பார்த்தார். அப்போ தெருவுக்குச் செயலாளரா இருந்த தபால்காரர். ரெண்டாம் நாள் நான் கையை வெளியே எடுக்கறேன், எதிர்ல வந்து நிக்கறார். அவர் ஒண்ணும் கேக்கல, திரும்பி நடந்துட்டார்."

"அப்புறம்?"

"மறுநாள் காலையில பார்க்கறேன், தெருக்கோடியில இருந்த பானை நம்ம வீட்டு வாசலுக்கு நாலடி தள்ளி இருந்துச்சு."